மேகத்தின்மேல் வருபவர்: எழுத்தா, உருவகமா?



கடவுளின் வருகையைப் பற்றி விவிலியத் தீர்க்கதரிசிகள் உரைத்தவற்றை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொள்ள வேண்டும் என்பார் ஒரு சாரார். உருவகம் என்று சொல்வதே விசுவாசக் குறைவு என்பது அவர்தம் வாதம். அவருள் சிலர் நாளையும் குறித்துக் கொடுத்துவிடுகின்றனர். 2025 செப்டம்பர் 23, 24 ஆகிய நாள்களில் விசுவாசிகள் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்று தென்னாப்பிரிக்கர் ஒருவர் சொன்னது சமூக ஊடகங்கள் வழி உலகெங்கும் பரவியது. அந்நாள்கள் வந்தன, போயின. ஆண்டவர் வரும் வேளையில் பிள்ளைக்குத் தேர்வு எதற்கு என்று என்னிடமே கேட்ட தந்தை ஒருவர் உண்டு. அந்தப் பிள்ளையின் பொருட்டே இக்கட்டுரை.

நான் இறையியல் பயின்றதில்லை; மொழிப்பாடம் நடத்துவது என் தொழில். ஆயின் இச்சிக்கல் இறையியலுக்கும் முன்னதாக மொழியில்தான் தொடங்குகிறது.

'முதலாளி எங்கள் வயிற்றில் அடித்துவிட்டார்' என்று ஒரு தொழிலாளி சொன்னால், அடிபட்ட இடத்தில் தைலம் தடவ எவரும் ஓடுவதில்லை. வேலை போயிற்று என்று புரிந்துகொள்கிறோம். கை வயிற்றில் படவில்லை. ஆனால் பசி மெய். அத்தொழிலாளி பொய் சொன்னாரா? இல்லையே! உருவகம் என்றால் பொய் என்று எண்ணுவதுதான் இங்கு எல்லாக் குழப்பத்திற்கும் வேர். எழுத்துவாதி அவ்வாறு எண்ணி உருவகத்தைக் கண்டு அஞ்சுகிறார். மறுதரப்பாரோ அவ்வாறே எண்ணி, 'அதெல்லாம் உருவகம்தானே' என்று தீர்க்கதரிசியைக் கைகழுவிவிடுகிறார்.

தொல்காப்பியர் உவமவியலில் உவமத் தோற்றத்தை நான்காக வகுத்தார்: வினை, பயன், மெய், உரு. ஒரு வீரனைப் புலி என்றால் வினையைப் பார்க்கிறோம்; அவனுக்கு வால் எங்கே என்று தேடுவதில்லை. ஒரு வள்ளலை மழை என்றால் பயனைப் பார்க்கிறோம். அவன் வரும்போது குடை விரிப்பதில்லை. இப்பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தீர்க்கதரிசிகளிடம் செல்வோம்.

ஏசாயா 19-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் விரைந்து செல்லும் மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருகிறார். அந்நாட்டின் விக்கிரகங்கள் நடுங்குகின்றன. மேகத்தின்மேல் ஒருவர் அமர்ந்திருந்ததை எந்த எகிப்தியராவது கண்டதாக ஏசாயா எழுதினாரா? இல்லை. அடுத்த அதிகாரமே, அசீரிய மன்னன் எகிப்தியரைச் சிறைபிடித்துப் போவான் என்று செய்தியை வெளிப்படையாகச் சொல்கிறது. கி.மு. 671-இல் அசீரிய மன்னன் எசர்ஹத்தோன் எகிப்தின் மெம்பிஸ் நகரைக் கைப்பற்றினான். வந்தது படை. தீர்க்கதரிசியின் பார்வையில் அதுவே கடவுளின் வருகை. ஏசாயா 13-இல் பாபிலோனுக்கு எதிரான நாளில் கதிரவனும் நிலவும் விண்மீன்களும் ஒளி இழக்கின்றன. அதே அதிகாரம் மேதியரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பாரசீக மன்னன் கோரேசிடம் பாபிலோன் கி.மு. 539-இல் வீழ்ந்தது. அன்றிரவும் விண்மீன்கள் ஒளி வீசத்தான் செய்தன. இங்கெல்லாம் தீர்க்கதரிசி சொன்னது வினையும் பயனும். நம் எழுத்துவாதிகள் பற்றிக்கொண்டிருப்பதோ மெய்யையும் உருவையும்.

எலியாவின் கதை இன்னும் தெளிவானது. பெரிய நாளுக்கு முன் எலியா அனுப்பப்படுவார் என்று மல்கியா உரைத்தார். எலியாவே வானிலிருந்து இறங்கி வருவார் என்று காத்திருந்தவர்களிடம், யோவான் ஸ்நானகனே அந்த எலியா என்று இயேசு விளக்கியதாக மத்தேயு இரண்டிடங்களில் எழுதுகிறார். எழுத்துவாதம்தான் விசுவாசத்தின் அளவுகோல் என்றால், இயேசுவையே அல்லவா முதலில் குறை சொல்ல வேண்டும்?

எல்லாமே உருவகம் என்று நான் சொல்லவில்லை. சகரியா 9-இல் அரசர் கழுதையின்மேல் வருகிறார். சுவிசேஷங்களிலும் உண்மையான கழுதையே வருகிறது. ஆனால் இங்கும் ஒரு மொழிக் குறிப்பு உண்டு. சகரியா எபிரேயக் கவிதை மரபின்படி ஒரே விலங்கை 'கழுதை', 'கழுதைக்குட்டி' என இருமுறை சொல்கிறார். மாற்கு, லூக்கா, யோவான் மூவரிடமும் ஒரு விலங்குதான். மத்தேயுவில் மட்டும் இரண்டு! 'வீடு வாசலை விற்றான்' என்றால் வாசலை வாங்கியவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

எழுத்துவாதிகளிடம் வலுவான சான்று ஒன்று உண்டு. அதை மறைப்பது அறமன்று. இயேசு விண்ணுக்குச் சென்ற விதமாகவே திரும்பவும் வருவார் என்பது அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தின் கூற்று. அது கவிதையன்று, உரைநடை. அதை ஒருவர் உள்ளபடியே நம்பினால் அவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் காலங்களை அறிவது உங்களுக்கு உரியதன்று என்று அதே காட்சியில்தான் சீடர்களிடம் சொல்லப்படுகிறது. வானத்தை ஏன் அண்ணாந்து பார்த்து நிற்கிறீர்கள் என்று கேட்கப்படுவதும் அங்கேதான். நாள் குறிப்பவர் இவ்விரண்டையும் ஏன் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வதில்லை?

அவர்கள் கணக்குப் போடும் முறையைப் பாருங்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து உழவர் வில்லியம் மில்லர், தானியேல் 8-இல் வரும் 2300 நாள்களை 2300 ஆண்டுகள் என்றார். தூய்மை பெறும் திருத்தலம் என்பது இந்தப் பூமி என்றார். கி.மு. 457-இலிருந்து எண்ணி 1843-க்கும் 1844-க்கும் வந்தார். இறுதியாக அவ்வியக்கத்தார் குறித்த நாள் 1844 அக்டோபர் 22. பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்களும் இருந்தனர். பொழுது வழக்கம்போல் விடிந்தது. நாளை ஆண்டு என்பதும், திருத்தலத்தைப் பூமி என்பதும் எழுத்துப்படியான பொருளா? அடித்தளம் முழுவதும் உருவகம். அதன்மேல் எழுப்பிய மாடிக்கு மட்டும் எழுத்துவாதம் என்று பெயர்! தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்த போதகர் லீ ஜாங் ரிம், 1993-இல் முதிர்வடையும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடிக் குற்றத்திற்காகச் சிறைத்தண்டனையும் பெற்றார். தமக்கென்று வரும்போது அவரே தம் கணக்கை நம்பவில்லை போலும்.

உருவகவாதிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதே 1844-ஆம் ஆண்டு மே மாதம் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் 'பாப்' எனப்படுபவர் தம் பணியை அறிவித்தார். தானியேலின் எண் அவரையே சுட்டியது என்பர் பகாய் சமயத்தார். மேகமும் இருண்ட கதிரவனும் உருவகமே என்று பகாவுல்லா தம் 'கிதாபி இகான்' நூலில் விளக்கினார். உருவகம் பொய்யன்று என்ற அளவில் அவ்விளக்கம் எனக்கு உடன்பாடே. ஆயினும் மேகம் உருவகம், கதிரவன் உருவகம், ஆண்டு எண் மட்டும் துல்லியம் என்றால் இங்கும் அதே தராசுதான் சாய்கிறது. இடம், காலம், கேட்டவர் யார் என்ற மூன்றையும் விட்டுவிட்டு உருவகத்தை அவிழ்ப்பவர், அதற்குள் எவரையும் இருத்திவிடலாம்.

இந்தச் சண்டையில் இரு தரப்பாரும் மறந்த பொருள் ஒன்று உண்டு. எனக்கு அதுவே ஆற்றாமை. கடவுள் எதற்காக வருகிறார்? மல்கியா 3-ஆம் அதிகாரம் பட்டியலே தருகிறது: கூலியாளின் கூலியைப் பிடித்துக்கொள்பவன், விதவையையும் அநாதையையும் ஒடுக்குபவன், அந்நியனின் நியாயத்தைப் புரட்டுபவன். இவர்களுக்கு எதிராகச் சான்று சொல்லவே அவர் வருகிறாராம். அந்த நாளை ஆவலோடு எதிர்பார்த்தவர்களிடம், அது உங்களுக்கு இருளாகவே இருக்கும் என்று ஆமோஸ் எச்சரித்தார். எளியவரை மிதித்துக்கொண்டே பண்டிகை கொண்டாடியவர்களுக்குச் சொல்லப்பட்டது அது. இங்கே கூலி என்றால் கூலிதான். இதை உருவகமாக்க வழியே இல்லை. எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

நாள் குறிக்கும் துண்டறிக்கைகள் பல என் கைக்கு வந்துள்ளன. விலங்குகளும் கொம்புகளும் ஆண்டுக் கணக்கும் கட்டங்கட்டமாக அச்சிட்டிருந்தனர். மல்கியாவின் அந்தக் கூலியாளை அவற்றுள் ஒன்றில்கூட நான் காணவில்லை. தோட்டத்தில் வியர்வை சிந்தியவர் வழிவந்த நம்மவர் எழுதும் அறிக்கைகளிலுமா அவனுக்கு இடமில்லை?