விடையோடு சூழலையும் வழங்குவோம்

பழஞ்சுவடிகளை ஆராய்ந்து நூல் பதிப்பிப்போர், தாம் ஒப்புநோக்கிய சுவடிகள் எவை, அவை எங்கிருந்து கிடைத்தன என்பவற்றை முன்னுரையிலேயே குறித்துவிடுவர். பின்வருவோர் பாடபேதங்களைத் தாமே சரிபார்க்க அக்குறிப்பே துணையாகும். கணினி கொண்டு புள்ளியியல் ஆய்வு செய்வோரிடமும் இந்த நேர்மையை எதிர்பார்ப்பது தகும் எனக் கருதுகிறோம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘ஆர்’ என்னும் நிரல்மொழி, 1995-இல் கட்டற்ற மென்பொருளாயிற்று. இன்று அது புள்ளியியலாரின் கைக்கருவி. வளரும் மொழியாதலின் அதன் இயல்பும் மாறிவருகிறது. 2019-இல் வெளிவந்த 3.6.0 பதிப்பில் சமவாய்ப்பு மாதிரி எடுக்கும் முறை திருத்தப்பட்டது. அதனால் ஒரே விதை எண்ணைக் கொடுப்பினும் பழைய பதிப்பு தேரும் மாதிரி வேறு. புதியது தேரும் மாதிரி வேறு. 2020-இல் வந்த 4.0.0 பதிப்பிலோ, எழுத்தாலான தரவுகளைத் தானே வகைப்பாடாக மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கம் கைவிடப்பட்டது. திருத்தங்கள் நல்லனவே. ஆயினும், எந்தப் பதிப்பில் கணக்கிட்டோம் என்று கூறாத ஆய்வேட்டின் விடையைப் பிறர் எங்ஙனம் சரிபார்ப்பர்?

இதற்கு ஒரு வழி பிறந்துள்ளது. 2013-இல் அறிமுகமான ‘டாக்கர்’ என்னும் மென்பொருள், ஒரு நிரல் இயங்கத் தேவையான அனைத்தையும் ஒரு கொள்கலனில் அடக்கித் தருகிறது. 2014-இல் கார்ல் போட்டிகர், டர்க் எடல்புட்டல் ஆகியோர் தொடங்கிய ‘ராக்கர்’ திட்டம், ஆர் மொழிக்கென ஆயத்தக் கொள்கலன்களை அளிக்கிறது. பதிப்பெண் குறித்து அவற்றுள் ஒன்றைப் பெற்றால், அந்தப் பதிப்பின் காலத்திய துணைத்தொகுப்புகளையே கொண்டு பணிபுரியலாம். நாம் சேர்ப்பவற்றை ‘டாக்கர்ஃபைல்’ என்னும் சிறு உரைக்கோப்பில் வரிவரியாய் எழுதிவைத்தால், பிற கணினியிலும் அதே சூழலை அமைக்கலாம்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். ‘அண்மைப் பதிப்பு’ என்று பொதுவாகக் கேட்டுப் பெறலாகாது. இன்று அண்மையது நாளை பழையதாகும். தரவுகளையும் விடைகளையும் கொள்கலனுக்குப் புறத்தேயுள்ள கோப்புறையில் வைத்து இணைத்தல் வேண்டும். கொள்கலனை நீக்கினால் உள்ளிருப்பவையும் அழியும். உரைக்கோப்பை ஆய்வேட்டுடன் பிற்சேர்க்கையாய் வழங்குதல் வேண்டும்.

“என் கணினியில் இயங்குகிறதே, இத்துணைத் தொல்லை எதற்கு?” என்பார் உளர். ஒருவர் கணினியில் மட்டும் கிடைக்கும் விடை, அவர் சொல்லை நம்பி ஏற்க வேண்டிய விடை. ஆய்வுலகம் கேட்பதோ சான்று. அதே வேளையில், கொள்கலன் உண்மைக்கு உத்தரவாதமன்று என்பதையும் மறத்தலாகாது. பிழையான தரவை அதனுள் இட்டால், பிழையும் பத்திரமாகவே இருக்கும். பிறர் அப்பிழையைக் கண்டுபிடிக்க வாயில் திறந்திருக்கும் என்பதே அதன் பெரும்பயன்.

ஆதலின், ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியப் பெருமக்கள் விடையோடு சூழலையும் கேட்டுப் பெறுக. மாணவச் செல்வங்கள், கேட்கும் முன்னரே அதனை வழங்குக. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத ஆய்வே நிலைத்து நிற்கும்.