பழையது வேறு, பழுதானது வேறு



பிரித்தானியாவில் 'கிட் கார்' என்றொரு மரபு உண்டு. அடிச்சட்டத்தையும் உடற்கூட்டையும் ஒரு சிறு நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டு, இயந்திரம், பற்சக்கரப் பெட்டி, அச்சு முதலியவற்றை ஒரு பழைய மகிழுந்திலிருந்து கழற்றி, வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்தி முடிக்கும் வண்டி அது. இதற்காகப் பழைய 'ஸ்போர்ட்ஸ்' வகை மகிழுந்துகளைப் பிரிக்கலாமா என்ற வாதம் அங்கே ஓயவில்லை. நமக்கேன் இந்த வழக்கு என்பீர்கள். பழையதை எப்போது காப்பது, எப்போது பிரித்துப் புதியதற்கு ஊட்டுவது என்பது ஆசிரியரும் பெற்றோரும் அன்றாடம் எதிர்கொள்ளும் வினாவாயிற்றே!

முதலில் சிறிது வரலாறு. 1957-இல் கோலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்னும் வண்டியை வெளியிட்டது. பாகங்களாக வாங்கினால் கொள்வனவு வரி கிடையாது. ஆனால், பொருத்தும் முறையை எழுதித் தரக்கூடாது என்பது விதி. எனவே, கழற்றும் முறையை எழுதித் தந்தார்களாம். வாங்கியவர் அதனைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்! 1973-இல் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் அச்சலுகை போயிற்று. கைவேலையில் கண்ட சுவை போகவில்லை.

டிரையம்ப் ஹெரால்டு (1959–1971), ஸ்பிட்ஃபயர் (1962–1980) ஆகியவற்றிற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. மேற்கூடு துருப்பிடித்தால் அதை நீக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம். ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி போன்ற கிட் கார்கள் டிரையம்ப் பாகங்களைக் கொண்டே உருவாயின. எம்ஜிபி (1962–1980) வண்டிக்கோ கூடே சட்டம். அது துருப்பிடித்தால் இயந்திரத்தையும் அச்சையும் எடுத்துப் புதுச் சட்டத்தில் பொருத்துவார்கள். என்ஜி நிறுவனத்தின் கிட் கார்கள் அவ்வகையின.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

ஒன்று, ஓடும் நிலையிலுள்ள வண்டியைப் பாகங்களுக்காகப் பிரிப்பது தவறு. எம்ஜிபி ஐந்து இலட்சத்திற்கு மேல் உருவாக்கப்பட்டது உண்மைதான். ஆயினும், அபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. அக்காலத்தில் துருப்பிடித்த வண்டியை விரும்புவாரில்லை. அன்று பிரித்தவர்கள் பழைய இரும்புக்குப் போகவிருந்த பாகங்களை மீட்டவர்கள். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்ஜிபிக்குப் புதிய உடற்கூடுகளையே செய்யத் தொடங்கியது. "கூடு போயிற்று, ஆகவே வண்டியும் போயிற்று" என்ற வாதம் அன்றே வலுவிழந்தது. மீட்கவே முடியாதபடி சிதைந்த வண்டியின் பாகங்கள் மட்டும் கிட் காரில் மறுவாழ்வு பெறட்டும்.

இரண்டு, புகழ்பெற்ற பெயர் பாதுகாப்பாகாது. டிரையம்ப் வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, மரையிட்ட வெண்கலக் கூட்டினுள் திரும்பும். அதற்குக் கெட்டியான பற்சக்கர எண்ணெய் இட வேண்டும். பராமரிப்பின்றி நீர் புகுந்து துருவேறினால் தண்டு ஒடிந்து சக்கரம் சாயும். வெளியே பளபளக்கும் புதுவண்டிக்குள் இத்தகைய தண்டு இருந்தால் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, துடைத்து, அளந்து, ஐயமிருப்பின் மாற்றிய பின்னரே பொருத்த வேண்டும். இது செலவைக் கூட்டும்; உயிரைவிடச் செலவு பெரிதன்று.

மூன்று, நேர்மை. பிரித்தானியாவில் 40 ஆண்டு கடந்த வண்டிக்குச் சாலைவரி விலக்கு உண்டு. ஆகவே, பழைய பாகங்கள் சில இருப்பதைக் காட்டிப் புதுவண்டிக்குப் பழைய எண்ணையும் வயதையும் சூட்டும் ஆசை எழுகிறது. வயதும் அடையாளமும் உறுதிப்படாத வண்டிக்கு 1983 முதல் 'கியூ' எழுத்தில் தொடங்கும் எண் தரப்படுகிறது. சிலர் அதை இழுக்காகக் கருதுகிறார்கள். எனக்கோ அது நாணயத்தின் முத்திரையாகவே படுகிறது. பாட்டனின் எலும்பைத் தாங்கினாலும் பேரன் பாட்டனாகிவிட மாட்டான்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! கழற்றுவதைக் கற்காத கை பொருத்துவதையும் கல்லாது. மின்தொடர்பு நீக்கிய பழைய மின்விசிறி ஒன்றையாவது பிள்ளைகளிடம் தந்து, உடனிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். ஆனால், திருப்புளியைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்கப் பழக்குங்கள்: "இது பழையதா, பழுதானதா?" பழையதென்றால் துடைத்து ஓட்டட்டும். பழுதானதென்றால் நல்ல பாகத்தைத் தேடி எடுக்கட்டும். இந்த வேறுபாடு தெரிந்த பிள்ளை, நாளை எதையும் எளிதில் தூக்கி எறியாது.