கடலோரத்தில் நிற்கும் கார்

பல்லாண்டுச் சேமிப்பில் வாங்கிய காருக்குக் கொட்டகை இல்லையெனில், முற்றத்தில் நிறுத்திப் பொலித்தீனால் இறுக மூடிவிடுவதுண்டு. பொத்துவில் போன்ற கடலோர ஊர்களில் அதுவே கேடாய் முடியும். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. காற்றுப் புகாத உறைக்குள் அவ்வீரம் உலராது தங்கி, வர்ணப்பூச்சின் கீறல் வழியே தகட்டில் கறளை உண்டாக்கும்.

ஆகவே, கிழமைக்கொருமுறை காரை அடிப்பாகம் உட்பட நன்னீரால் கழுவுதல் வேண்டும். உவர்க்கிணற்று நீர் ஆகாது. மணலை உலர்ந்த துணியால் துடைத்தால் புதுக் கீறல் விழும். காக்கை எச்சத்தை நீரில் ஊறவைத்து உடனே அகற்றுக. வெயிலில் அது வர்ணத்தை அரித்துவிடும். கார் நன்கு உலர்ந்தபின் காற்றோட்டமுள்ள துணியுறையால் மூடுக. சில மாதங்களுக்கொருமுறை மெழுகு பூசுவதும் நன்று. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், கீறல்களைத் தேடி வர்ணம் தீட்டிவிடுங்கள். இன்று நகத்தளவாயுள்ள கீறல், மழை ஓய்வதற்குள் கறளேறிவிடும்.