தோண்டிய மண் எந்தப் பக்கம்?

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் கைபேசியிலேயே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். "ஒருதரம் பார்த்துட்டு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார்" என்பார்கள். அப்படி வந்த ஒரு நிலப் பத்திரத்தில் கிழக்கெல்லை 'சாக்கடை' என்று இருந்தது. அடுத்த வரியில் 'மண் நிராகரிப்பு விற்பவர் பக்கம்' என்று இருந்தது.

வீடு வாசல் ஒன்றும் இல்லாத வயல்வெளியில் சாக்கடைக்கு என்ன வேலை? மூலத்தைப் பார்த்தேன். அங்கே இருந்த சொல் ஃபோஸ்ஸே, அதாவது தோண்டிய பள்ளம். அதற்கு நேரான ஆங்கிலச் சொல் டிட்ச். கைபேசி ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்திருக்க வேண்டும். 'நிராகரிப்பு' ஆகியிருந்த சொல் ரெழே. தோண்டிய மண்ணை ஓரமாக வாரிப் போட்ட கரையைத்தான் பத்திரம் அப்படிச் சொல்லியிருந்தது.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 666-ஆம் பிரிவு, இரண்டு நிலங்களைப் பிரிக்கும் பள்ளத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் பள்ளம் இருவருக்கும் பொது. ஆனால் தோண்டிய மண் ஒரு பக்கம் மட்டும் கிடந்தால், அந்தப் பக்கத்துக்காரருக்கே பள்ளம் முழுக்கச் சொந்தம். ஆங்கிலேயரின் வழக்கும் இதையொட்டியதுதான். தன் நிலத்தின் கடைசி விளிம்பில் ஒருவன் பள்ளம் தோண்டுவான், மண்ணைத் தன் பக்கமே போட்டு மேட்டாக்குவான், மேட்டில் வேலி நடுவான். ஆகவே எல்லைக்கோடு வேலியில் இல்லை, பள்ளத்தின் அக்கரையில் இருக்கிறது. 1999-இல்கூட இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு நில வழக்கில் இந்தப் பழைய அனுமானத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 'சாக்கடை' என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால், பத்திரம் கொண்டுவந்த குடும்பம் தன் சொந்தப் பள்ளத்தைக் கொம்யூன் பஞ்சாயத்தின் சொத்து என்று நினைத்திருக்கும்.

பள்ளமும் மேடும் ஒரே மண்வெட்டியின் வேலை. பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்தது. அதிலிருந்தே பள்ளத்தைக் குறிக்கும் டிட்ச்சும் கரையைக் குறிக்கும் டைக்கும் பிரிந்தன. அயர்லாந்தில் இன்றும் பல இடங்களில் டிட்ச் என்றால் மேடுதான். ஐரிஷ் கதையில் ஒருவன் டிட்ச்சின் மேல் உட்கார்ந்திருந்தால் அவனைப் பள்ளத்தில் இறக்கிவிடக் கூடாது. பொதுவான பிரெஞ்சில் இந்தக் குழப்பம் இல்லை. பள்ளத்துக்கு லத்தீனிலிருந்து ஃபோஸ்ஸே வந்தது. கரைக்கு டச்சுக்காரர்களிடமிருந்து திக் வந்தது.

ஆனால் எல்லாப் பள்ளத்துக்கும் ஃபோஸ்ஸே போதாது. கோட்டையைச் சுற்றித் தண்ணீர் நின்றால் தூவ். குழாய் பதிக்கவோ போர்வீரர் பதுங்கவோ தோண்டினால் திராஞ்சே. தண்ணீர் ஓடச் சிறிதாகக் கீறிவிட்டால் ரிகோல். தெருவோரம் என்றால் கனிவோ. தமிழிலும் அகழி, பதுங்குகுழி, வாய்க்கால், சாக்கடை என்று தனித்தனியாகத்தானே சொல்கிறோம்? மராத்தியப் படைக்குப் பயந்து ஆங்கிலேயர் 1742-இல் கல்கத்தாவைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டது மராத்தா டிட்ச். கல்கத்தாவாசிகளுக்கு டிட்ச்சர்கள் என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது. நகரைக் காக்கத் தோண்டியதால் அது தமிழில் அகழி.

டிட்ச் வினைச்சொல்லானால் கதையே வேறு. காதலனை ஒருத்தி டிட்ச் செய்தாள் என்றால் பிரெஞ்சில் லார்கே என்பார்கள். கப்பல்காரர்கள் கயிற்றை அவிழ்த்துவிடுவதைச் சொல்லும் சொல் அது. நம் ஊரில் 'கழற்றி விட்டுட்டா' என்கிறோமே, அச்சு அசலாக அதேதான். விமானம் தண்ணீரில் இறங்கினாலும் ஆங்கிலத்தில் டிட்ச்தான். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கி, அதிலிருந்த 155 பேரும் பிழைத்தார்கள். பிரெஞ்சில் அதற்குச் சொல் அமெரிஸாஜ். கடலைக் குறிக்கும் மெர் என்ற சொல்லை வைத்து உண்டான சொல், ஆற்றுக்கும் பொருந்திவிட்டது. கடைசிக் கட்ட முயற்சியை ஆங்கிலேயர் 'கடைசி டிட்ச்' என்பார்கள். 1672-இல் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் புகுந்தபோது, கடைசிப் பள்ளம் வரை நின்று சாவேன் என்று ஆரஞ்சு இளவரசர் வில்லியம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கடைசி வாய்ப்பு' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் ஃபோஸ்ஸேயை வேறொன்றுக்கு வைத்திருக்கிறார்கள்: தலைமுறை இடைவெளி அவர்களுக்குத் தலைமுறைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளம்.

இத்தனையும் தெரிந்துகொள்ள மேதையாக இருக்க வேண்டாம். தோண்டியது யார், எதற்காக, மண்ணை எங்கே போட்டார்கள் என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். ஆனால் நம் பள்ளிகளில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் போட்டுத்தான் கொடுக்கிறோம். தேர்வில் அரை மதிப்பெண் வாங்க அது உதவும். கைபேசி நொடியில் செய்வதையே பிள்ளைகளுக்கும் பழக்குவதில் என்ன லாபம்? சொல்லைத் தனியாகக் கொடுக்காமல் வாக்கியத்தோடு கொடுங்கள் என்று ஆசிரியர்களையும் அகராதி அச்சிடுவோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பத்திரத்தை மொழிபெயர்க்கக் கொண்டுவரும்போது நில அளவை வரைபடத்தையும் எல்லையின் புகைப்படம் ஒன்றையும் கூடவே கொண்டு வாருங்கள். இடத்தைப் பார்க்காமல் எல்லையை மொழிபெயர்க்கக் கூடாது.