வெறும் மூங்கில் வில் அன்று

வில்வித்தை வீரர் ஒருவர் புகழ் பெற்றால், "வெறும் மூங்கில் வில்லில் பயிற்சியைத் தொடங்கியவர்" என்று செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். ராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, 1988, 1992, 1996 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற லிம்பா ராமைப் பற்றியும், ராஞ்சியை அடுத்த சிற்றூரில் பிறந்த தீபிகா குமாரியைப் பற்றியும் இவ்வாறே எழுதுகின்றனர். அந்த 'வெறும்' என்னும் சொல்லை நான் ஏற்பதற்கில்லை. வறுமையைக் காட்ட வந்த அச்சொல், வில்லைச் செய்தவரின் அறிவை மறைத்துவிடுகிறது.

வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய புறம் இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய புறம் நெருக்கப்படுகிறது. இவ்விரண்டையும் தாங்கும் பொருளே வில்லாக இயலும். மூங்கிலின் நார்கள் வெளித்தோலை ஒட்டியே மிக நெருக்கமாக அமைந்துள்ளன. ஆகவே அத்தோற்புறத்தை இலக்கை நோக்கி அமைத்து, அதில் கத்தி படாமல் காப்பது நல்ல முறை, செதுக்குவதெல்லாம் உட்புறத்தில்தான். இங்கிலாந்தில் நெடுவில் செய்தோரும் 'யூ' என்னும் மரத்தில் இதே உண்மையைக் கண்டனர். இழுவிசையைத் தாங்கும் வெளிமரம் இலக்கின் பக்கமும், நெருக்கத்தைத் தாங்கும் வைரம் எய்பவர் பக்கமும் வருமாறு ஒரே துண்டிலிருந்து வில்லைச் செதுக்கினர். 1545-இல் கடலில் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பலிலிருந்து இத்தகைய விற்கள் நூற்றுக்கு மேல் மீட்கப்பட்டன. அவற்றைக் கண்டு உலகம் வியக்கிறது. நம் நாட்டில் இன்றும் வாழும் அதே அறிவுக்கு மட்டும் 'வெறும்' என்று பெயரா?

பச்சை மூங்கில் வில்லுக்கு உதவாது. ஈரம் மிகுந்திருந்தால், வளைத்த வில் வளைந்தபடியே நின்றுவிடும். நன்கு உலர்ந்த மூங்கிலைப் பிளந்து, பிடியில் தடிப்பாகவும் நுனி நோக்கி மெலிந்தும் வருமாறு செதுக்குவர். சிறிது செதுக்கி, நாணேற்றி, வளைத்துப் பார்த்து, மீண்டும் செதுக்குவர். ஓரிடம் மட்டும் மிகுதியாக வளைந்தால் விசை முழுவதும் அங்கே குவிந்து வில் முறியும். அப்போது அவ்விடத்தில் கத்தி வைக்கலாகாது. அதன் இருபுறமும் விறைத்து நிற்கும் பகுதிகளையே செதுக்க வேண்டும். செதுக்கியதை மீண்டும் ஒட்டவைக்க இயலாது அன்றோ? இத்தனையையும் கண்ணும் கையுமே அளந்து சொல்கின்றன.

மூங்கில் வில் மழையில் ஒருவாறும் வெயிலில் வேறொருவாறும் இயங்கும் என்பது உண்மையே. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கிற்குப் புதிய வகை வில்லே ஏற்றது. அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் நம் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்றொரு பிரிவு உண்டு. அதில் மூங்கில் வில் கொண்டே 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்கின்றனர்.

சேரர் கொடியில் வில் பொறிக்கப்பட்டிருந்தது என்று படித்துப் பெருமை கொள்ளும் நமக்கு, அந்நாளில் வில் செய்த கைவினைஞர் யாரென்று தெரியாது. இன்று அக்குறை தொடர வேண்டியதில்லை. ராஞ்சியிலும் ஜாம்ஷெட்பூரிலும் உதயப்பூரிலும் உள்ள பள்ளிகள் வில் செய்வோரை அழைத்து, அறிவியல் வகுப்பிலேயே பாடம் நடத்தச் செய்யலாம். விசையைப் பற்றி அவர்கள் கற்பிப்பதைக் கரும்பலகையில் காட்டுவது கடினம். 'இந்தியன் ரவுண்டு' சான்றிதழிலும் எய்தவர் பெயருக்குக் கீழே ஒரு வரியை ஒதுக்கலாம், செய்தவர் பெயருக்காக.