விழிஞ்ஞம்: அன்று சாலை, இன்று துறைமுக வாசல்

விழிஞ்ஞத்தின் வரலாறு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது இதுதான். ஆய் மன்னர்களின் துறைமுகம். ராசராச சோழன் படையெடுத்த ஊர். திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்திலேயே பேசப்பட்ட திட்டம். 1990களிலிருந்து வந்து வந்து போன டெண்டர்கள். கடைசியில் 2015இல் அதானி குழுமத்துடன் ஒப்பந்தம். 2025 மே 2ஆம் தேதி பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கரையை ஒட்டியே 18 முதல் 20 மீட்டர் ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை வெறும் 10 கடல் மைல் தொலைவில். இயற்கையின் கொடை என்கிறார்கள். சரி, கொடை யாருக்கு?

மன்னர்களும் திவான்களும் நிறைந்த இந்த வரலாற்றில் பக்கத்து ஊரான வெங்கானூருக்கு மட்டும் இடமில்லை. 1863இல் அய்யன்காளி பிறந்த ஊர் அது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரசாணை வந்தே அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆணை வந்தும் பொதுச்சாலையில் புலையர் நடக்க முடியாது. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி பூட்டி, தலைப்பாகை கட்டி, அந்தச் சாலையிலேயே ஓட்டிக்காட்டினார். நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகளைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார்.

பொதுப் பணத்தில் போட்ட சாலை எல்லோருக்கும் பொது என்பதுதான் அன்று அவர் வாதம். அதே வாதத்தை இன்று துறைமுக வாசலில் வைக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். முதல் கட்டச் செலவு சுமார் 8,900 கோடி ரூபாய். அதில் கேரள அரசின் பங்கு சுமார் 5,600 கோடி. மத்திய அரசின் நிதி 817.80 கோடி. ஆக, பெரும்பகுதி மக்கள் பணம். துறைமுகத்தை நடத்துவதோ தனியார், அதுவும் 40 ஆண்டுகளுக்கு. வழக்கமான 30 ஆண்டுகளைவிட இது 10 ஆண்டு கூடுதல் என்று 2017இல் தணிக்கைத் துறை அறிக்கையே கண்டித்தது.

அதே கேரளத்தில் கொச்சி, மத்திய அரசின் பெருந்துறைமுகம். அங்கே வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. விழிஞ்ஞத்தில்? நடத்துபவர் தனியார் என்பதால் ஒரு பணியிடத்துக்குக்கூட அந்தக் கட்டாயம் கிடையாது. முதலீடு போடும்போது அது அரசுத் திட்டம். ஆள் எடுக்கும்போது தனியார் கம்பெனி. இதுதான் நம்மை வெளியே நிறுத்தும் புதிய வழி. தீண்டாமை என்று யாரும் சொல்லத் தேவையில்லை, ஒப்பந்தமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தனியாருக்குச் சட்டப்படி இடஒதுக்கீடு இல்லையே என்பார்கள். தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீடு தர அரசியல் சட்டத்தையே திருத்தி 15(5) பிரிவைச் சேர்த்த நாடு இது. 40 ஆண்டு உரிமையை எழுதிக் கொடுத்த அரசுக்கு, அதே தாளில் ஒரு நிபந்தனை எழுதக் கை வராதா? வராதது கை அல்ல, மனசு.

கடலோர மக்களின் நிலையும் வேறல்ல. கடலரிப்பில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வலியதுறை கிடங்கில் கிடந்தன. 2022இல் அவர்கள் மாதக்கணக்கில் போராடியபோது 'வளர்ச்சிக்கு எதிரிகள்' என்று பட்டம் கட்டினார்கள். அலைத்தடுப்புச் சுவருக்குப் பாறை போனது நம் குமரி மாவட்டத்து மலைகளிலிருந்தும்தான். மலை ஒருவருடையது, கரை இன்னொருவருடையது, வரிப்பணம் எல்லோருடையது. லாபம் மட்டும் ஒரே வீட்டுக்கா?

நாம் துறைமுகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிரந்தர வேலைகளில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு இடஒதுக்கீடு. கரையிழந்த மீனவருக்கு வீடும் வேலையும். எத்தனை பேர், எந்தச் சமூகத்தவர், எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுவது. இந்த மூன்றையும் கேட்கிறோம். சலுகையாக அல்ல, போட்ட பணத்துக்குக் கணக்காக.

வில்லுவண்டி ஓடிய மண்ணில்தான் இன்று கண்டெய்னர் லாரி ஓடுகிறது. அதன் பின்னால் தூசி தின்று நிற்பதற்காக அய்யன்காளி அன்று வண்டி பூட்டவில்லை.