சலுகையின் அளவுகோல்

உலக காபி மாநாடு ஆசியாவில் முதன்முறையாக 2023 செப்டம்பரில் பெங்களூரில் நடைபெற்றது. காபி வாரியத்தின் தலைமையகம் அமைந்த நகரம் அது. நாட்டின் காபி விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தரும் மாநிலத்தின் தலைநகரமும் அதுவே. ஏழை நாடுகளின் விளைபொருள்களுக்குச் சந்தையைத் திறந்துவிட வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பில் பணக்கார நாடுகளிடம் வாதாடி வரும் இந்தியா, தனது சந்தையை எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதற்கும் காபியே நல்ல உரைகல்.

மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து வரும் பொருள் வகைகளில் குறைந்தது 97 சதவீதத்துக்காவது வளர்ந்த நாடுகள் வரிவிலக்கு அளிக்க வேண்டும் என்று 2005-இல் ஹாங்காங் மாநாட்டில் முடிவாயிற்று. வளரும் நாடான இந்தியாவும் தானாக முன்வந்து, 2008 ஏப்ரலில் தில்லியில் நடந்த இந்திய-ஆப்பிரிக்க உச்சி மாநாட்டில் வரிச் சலுகைத் திட்டத்தை அறிவித்தது. 2014-இல் அது சுமார் 98 சதவீதப் பொருள் வகைகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. இது பாராட்டத்தக்கதே.

ஆனால், விடுபட்ட 2 சதவீதத்தில் இருப்பவை எவை? காபி, தேயிலை, புகையிலை, சில நறுமணப் பொருள்கள். எத்தியோப்பியா, உகாண்டா விவசாயிகளுக்குக் காபியும், மலாவி விவசாயிகளுக்குப் புகையிலையும்தான் வாழ்வாதாரம். இந்தியாவில் காபிக்கான இறக்குமதி வரியோ 100 சதவீதம். ஒரு நாடு விளைவிக்காத நூறு பொருள்களுக்கு வரியை நீக்கிவிட்டு, விளைவிக்கும் ஒன்றுக்கு வரி விதித்தாலும் கணக்கில் தாராளம் தெரியும். இறக்குமதி மதிப்பை வைத்துச் சராசரி கண்டாலும் உண்மை புலப்படாது. கடும் வரியால் வராமலே போன சரக்குக்கு அந்தச் சராசரியில் இடமில்லை.

பணக்கார நாடுகளின் கணக்கும் இதற்கு விலக்கல்ல. வறுக்காத காபிக் கொட்டைக்கு ஐரோப்பிய யூனியன் எந்த நாட்டிடமும் வரி வாங்குவதில்லை. எல்லோருக்கும் கிடைப்பது ஏழை நாட்டுக்கான சலுகை ஆகாது. வறுத்த காபிக்கு 7.5 சதவீத வரி இருப்பதால், அங்கே தரப்படும் விலக்குதான் மெய்யான சலுகை. போட்டியாளர் கட்டும் வரிக்கும் ஏழை நாடு கட்டும் வரிக்கும் உள்ள இடைவெளியே சலுகையின் உண்மை அளவு. அதையும், விளைந்த நாட்டுக்கான சான்றிதழைப் பெற்று எவ்வளவு சரக்கு உண்மையில் அந்தச் சலுகையில் இறங்கியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குடகு, சிக்கமகளூர், ஏற்காடு மலைகளின் சிறு விவசாயிகளைக் காக்க வரி தேவை என்ற வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது அவர்கள் பட்ட பாடு சிறிதல்ல. அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்வதில் தவறில்லை. 98 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால் அதை மறைப்பதுதான் தவறு. உள்நாட்டு விலையைப் பாதிக்காத அளவுக்கு, ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டிக் குறைந்த வரியில் அனுமதிப்பதையும் ஆராயலாம்.

மிகவும் பின்தங்கிய நாடு ஒவ்வொன்றின் முதல் பத்து வேளாண் ஏற்றுமதிகள் எவை, அவற்றுக்கு இந்தியா விதிக்கும் வரி எவ்வளவு, சலுகையில் வந்த சரக்கு எவ்வளவு என்பதை மத்திய வர்த்தக அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதன் பிறகு பணக்கார நாடுகளிடம் அதே கணக்கைக் கேட்கும் உரிமை இந்தியாவுக்குக் கூடுதல் வலுவுடன் இருக்கும்.